இதிலும் தங்கைக்குத்தானா?

லாண்டரியில் துணி அலசும் பெரியவளுக்குத் தன் தங்கையைக் கண்டாலே வயிற்றெரிச்சல். சும்மா சொல்லக்கூடாது, காரணமும் இருந்தது. தங்கைக்கு ஏ.சி. ரூமில் வேலை, சொன்னதற்கெல்லாம் தலையாட்டும் புருஷன். இவளுக்கோ விரல் முழுக்க மரு. சோப்பால் வந்தது என்று சொல்லிக்கொள்வாள்.

ஆனால் தம்பி இவளுடையவன். அப்பாவை நெஞ்சுச்சளி கொண்டுபோனபின் அவனைத் தூக்கி வளர்த்தவள் இவள்தான். இப்போது அவனும் நிமோனியா, நிமோனியா என்று படுத்துவிட்டான். டாக்டரம்மா காரணம் சொன்னார்.

"ரத்தத்துல டென்ட்ரிடிக் செல்னு ஒண்ணு இருக்கும். கிருமி வந்தா அதுல ஒரு துண்டை எடுத்துட்டுப் போய், சண்டை போடுற செல்லுங்ககிட்ட 'இவன்தான்'னு காட்டிக் கொடுக்கும். உங்க தம்பிக்கு அது இல்ல. பரம்பரைக் குறை."

"கோள் சொல்ல ஆளில்லையா? எங்க வீட்டுல ஒருத்தி இருக்காளே," என்றாள் பெரியவள், தங்கையைப் பார்க்காமலேயே.

வேறொருவருடைய எலும்பு மஜ்ஜையை ஏற்றினால் பிழைப்பான் என்றார்கள். பொருத்தம் பார்க்க அக்கா, தங்கை இருவரும் ரத்தம் கொடுத்தார்கள். தங்கையின் மஜ்ஜையை எடுக்கலாம் என்று முடிவு வந்தது. அவ்வளவுதான், அம்மா அவளுக்கு ஆரஞ்சு உரிக்க ஆரம்பித்துவிட்டாள். "சின்னக்கா, நீதான் என் உயிரு," என்றான் தம்பி. பெரியவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவன் வாந்தியை அள்ளியவள் யாராம்?

நேரே டாக்டரம்மா அறைக்குப் போனாள்.

"இதுலயும் அவளுக்குத்தான் பொருத்தமா? என் ரத்தத்தை ஒழுங்காப் பாத்தீங்களா?"

"உக்காருங்க, நானே கூப்பிட இருந்தேன். பொருத்தம் உங்க மூணு பேருக்குமே இருக்கு."

"அப்ப என்னுதை எடுங்களேன்!"

டாக்டரம்மா அவள் கையைப் பிடித்து மருக்களைப் பார்த்தார். "இது சோப்பால வந்ததில்லம்மா, கிருமியால வந்தது. உங்க ரத்தத்துலயும் அந்தச் செல் இல்ல. தம்பிக்கு இருக்கிற அதே குறை. பின்னால உங்களுக்கும் மஜ்ஜை ஏத்த வேண்டியிருக்கும்."

"யாரோடது?" என்று கேட்டாள். கேட்கும்போதே தெரிந்துவிட்டது.

வெளியே வந்து தங்கையிடம் சொன்னாள். சுளையை மென்றுகொண்டிருந்தவள் அழுதுவிட்டாள். "எடுத்துக்கோக்கா. எனக்குத் திரும்ப ஊறிடுமாம்."

அப்போதும் பெரியவளுக்குப் பொறாமைதான்.

"அவனுக்கும் நீ கொடுப்ப, எனக்கும் நீ கொடுப்ப," என்றாள். "நான் அவனுக்கு என்னத்தடி கொடுக்க?"