துணிக்கிடங்கில் என் கையைப் பிடித்தவர்

மூன்று வருடங்களுக்கு முன், திருவனந்தபுரத்தில் இடவப்பாதிப் பருவமழை விடாமல் பெய்த ஒரு வாரம். சாலை என்ற கடைத்தெருவில் ஒரு துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். சரக்குக் கிடங்கு மூன்றாவது மாடியில். ஒரு நாளைக்குப் பத்துத் தடவையாவது ஏறி இறங்குவேன்.

அந்தத் திங்கட்கிழமை மதியம், மேல்படியில் கால் வைத்ததும் பின்னால் யாரோ நிற்பது தெரிந்தது. சத்தம் எதுவும் இல்லை. நிற்பது மட்டும் தெரிந்தது. கழுத்தெல்லாம் குளிர்ந்து வேர்த்தது. இடது முழங்கைக்கு மேல் ஒரு கை இறுக்கிப் பிடித்தது. திரும்பினால் துணிக்கட்டுகள்தான். ஒரு கட்டின்மேல் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் பிடி விட்டுப்போனது.

ரோட்டைக் கடக்கும்போது என் கணவர் அப்படித்தான் பிடிப்பார். அவர் இறந்து ஒன்பது வருடம் ஆகியிருந்தது. எச்.ஐ.வி. என்று தெரிந்தபோது அவருக்குக் காலம் கடந்துவிட்டது. எனக்குக் கடக்கவில்லை. அன்றிலிருந்து அரசு ஆஸ்பத்திரியின் எச்.ஐ.வி. மையத்தில் மாத்திரை வாங்கி, ஒரு நாள் தவறாமல் சாப்பிடுகிறேன்.

செவ்வாயும் வந்தார், புதனும் வந்தார். நான் மேலே ஏறினால் மட்டும் வந்தார். வியாழக்கிழமை அவர் தேய்த்துக்கொள்ளும் தைலத்தின் வாசனைகூட அடித்தது. என்னைக் கூட்டிப்போகத்தான் வந்திருக்கிறார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

"விடுங்க. மக படிச்சு முடிக்கட்டும்" என்று வாய்விட்டே சொன்னேன்.

கீழே இறங்கியதும், கூட வேலை பார்க்கும் பெண் கேட்டாள்: "அக்கா, மேல யாருகிட்ட சம்சாரிச்சீங்க?"

"போன்ல" என்றேன். போன் கீழே மேஜைமேல் கிடந்தது. அவள் அதைப் பார்த்தாள்.

வெள்ளிக்கிழமை மாத்திரை வாங்கப் போனேன். மையத்தில் புதிதாக ஒரு மேஜை போட்டு எல்லோருக்கும் பிரஷரும் சுகரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எனக்கு அதெல்லாம் இல்லை என்று நழுவினேன். வேறு டாக்டரிடம் நான் போவதே இல்லை. போனால், என்ன மாத்திரை சாப்பிடுகிறாய் என்று கேட்பார்களே.

அங்கிருந்த இளம் நர்ஸ் விடவில்லை. "சேச்சி, வேற எங்கயும் போகண்டா. ஹார்ட்டும் ஷுகரும் இப்போ இங்க தன்னே பாக்கும். முகம் என்ன ஒரு மாதிரி இருக்கு?"

என்ன தோன்றியதோ, இறந்தவர் வந்து கையைப் பிடிக்கிறார் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பெண் சிரிக்கவில்லை.

"எந்தக் கை?"

"இடது."

"படி ஏறும்போ மட்டுமா? இருந்தா போகுமா?"

"ஆமா. உட்கார்ந்தா போயிடும்."

பேனாவைக் கீழே வைத்தாள் அந்தப் பெண். "சேச்சி எழும்பண்டா. பேடிக்கண்டா, பயம் வேண்டா, நான் இருக்கேன்."

சக்கர நாற்காலி வந்தது. அங்கேயே இ.சி.ஜி. எடுத்து, இதயப் பிரிவுக்குத் தள்ளிக்கொண்டு போனார்கள். நர்ஸ் கூடவே வந்து, என் நோயையும் நான் சாப்பிடும் மாத்திரையையும் அங்கிருந்த டாக்டரிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள். என் வாயால் நான் சொல்ல வேண்டியிருக்கவில்லை. ரத்தக்குழாய் ஒன்று ஏறக்குறைய அடைத்திருந்தது. மறுநாள் ஸ்டென்ட் வைத்தார்கள். சுகர் இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது.

வேர்வை, கை இறுக்கம், காரணமில்லாத அந்தப் பயம் எல்லாமே இதயம் காட்டிய அறிகுறி என்று டாக்டர் விளக்கினார். தைல வாசனையைப் பற்றி நான் அவரிடம் கேட்கவில்லை.

இப்போது எல்லா மாத்திரையும் ஒரே இடத்தில் வாங்குகிறேன். பேய்க்கதை சொன்னவளிடம் எந்தக் கை என்று கேட்க எனக்கு ஒருத்தி இருந்தாள். கேட்க ஆளில்லாமல், இறந்தவர்கள் கூப்பிட வந்திருக்கிறார்கள் என்று நம்பியே எத்தனை பேர் போயிருப்பார்களோ என்று நினைக்கும்போது இன்றும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.