ஈரம் புகாத முறுக்குத் தாள்

வாழைமட்டையை வேகவைத்து, கண்ணுக்குத் தெரியாத நானோ இழைகளாக அரைத்து, மெல்லிய தாளாகக் காயவைத்து, அதற்குள் ஈரம் போகாமல் காவல் காப்பதுதான் என் பிழைப்பு. பிஎச்.டி. என்று வந்து மாட்டிக்கொண்ட சக கைதிகளே, "ஒரு கடைக்காரர் பலகாரம் சுற்ற இந்தத் தாளுக்குச் சரி சொல்லட்டும், அப்புறம் தீசிஸ் எழுது" என்று என் கைடு சொல்லிவிட்டார்.

மூட்டை

லால்குடித் தோப்பில் கெஞ்சி வாங்கிய மட்டை மூட்டையோடு திருச்சி பஸ் ஏறினேன். மூட்டை வழியெல்லாம் சொட்டியது. கண்டக்டர் என்னவென்று கேட்டார். பிளாஸ்டிக்குக்கு மாற்று, ஆராய்ச்சி என்று பொறுமையாக விளக்கினேன். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. விசிலை வாய்க்குக் கொண்டுபோனவர் சொன்னார்: "மாட்டுக்குன்னா மாட்டுக்குன்னு சொல்லுங்கம்மா, இதுல என்ன வெக்கம்?"

ஏசிக்கு வெளியே

லேபில் ஏசிக்குள் என் தாள் புது ரூபாய் நோட்டாகச் சடசடத்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு முறுக்குக் கடையில் முறுக்கைச் சுற்றிக் கொடுத்துவிட்டு வந்தேன். இரண்டு பக்கமும் ஆறு, மேலே ஐப்பசி மழை. வாழை நாருக்குத் தண்ணீர் என்றால் உயிர். போய்ப் பார்த்தால் தாள் துவண்டு கிடந்தது. கடைக்காரர் முறுக்கைக் கடித்தார். சத்தமே வரவில்லை. "முறுக்கைவிட உங்க பேப்பர்தாம்மா ஜாஸ்தி நமத்திருக்கு."

வாடை

வினிகர் ஜாதி ரசாயனம் ஒன்றை இழையோடு சேர்த்துச் சூடாக்கினால், தண்ணீர் ஒட்டும் இடங்களையெல்லாம் அது பிடித்துக்கொள்ளும். பிடித்துக்கொண்டது. வாடையும் கூடவே தங்கிவிட்டது. கழுவிக் கழுவி என் விரல்கள்தான் சுருங்கின. கடைக்காரரின் மனைவி அந்தத் தாளில் சுற்றிவைத்த முறுக்கில் ஒரு விள்ளல் வாயில் போட்டு முகம் சுளித்தார். "மொறுமொறுன்னுதான் இருக்கு. ஊறுகாய் ஜாடியில வச்சிருந்தீங்களா?"

சரி

ரசாயனத்தை இன்னும் அதிக நேரம் ஏற்றி, வாடை போகும்வரை அலசி, மறுபடி போனேன். அடைமழை வாரம் முழுக்க முறுக்கு தாளுக்குள் இருந்தது. கடைக்காரர் கடித்த சத்தம் தெருவுக்கே கேட்டது. எனக்கு அழுகை வந்துவிட்டது.

அவர் தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "தூக்கிப் போட்டா மக்கிடுமில்ல?" என்றார். பொய் சொல்ல வாய் வரவில்லை. லேப் தோட்டத்தில் புதைத்த துண்டு, புதைத்த மாதிரியே வெளியே வந்ததைச் சொன்னேன். ஈரம் ஏறினால்தானே மக்கும்! அவர் தாளை மடித்து என் கையிலேயே கொடுத்தார். "அப்ப பிளாஸ்டிக் என்னம்மா பாவம் பண்ணுச்சு?"

ஆகவே தோழர்களே, இத்தனை வருஷம் ஈரத்தை உள்ளே விடாமல் இருக்கப் பாடுபட்ட நான், கொஞ்சம் உள்ளே வாயேன் என்று அதனிடம் கெஞ்சும் வேலையை நாளை காலை தொடங்குகிறேன்.