பல் பதிந்த ஈய யானை

கையில் எடுத்ததும் அதன் கனம்தான் முதலில் தெரிந்தது. கட்டைவிரல் நீளம்கூட இல்லாத அந்தப் பொருள் உள்ளங்கையைக் கீழே இழுத்தது. அத்தனை வெயிலிலும் சில்லென்றிருந்தது. காஞ்சிபுரத்தில் எங்கள் பெற்றோர் வாழ்ந்த ஓட்டு வீட்டை இடித்துவிட்டுத் தம்பி டேவிட் புதிதாகக் கட்டப்போவதால், பரணைக் காலிசெய்யும் வேலையை நான் ஏற்றிருந்தேன். அம்மாவின் தகரப் பெட்டிக்கு அடியில், பழைய சேலைத் துண்டில் பல சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டிருந்த பொட்டலத்தில் அது இருந்தது. நான்கு குட்டைக் கால்கள், உருண்ட வயிறு, முகம் இருக்கவேண்டிய இடத்தில் ஒரு மொட்டை முனை. சாமான் இறக்கித் தந்தவர் பார்த்துவிட்டு, பெருச்சாளி மாதிரி இருக்கிறதே என்றார்.

எனக்கு வேறொரு சந்தேகம் வந்தது. ஆனால் நம்ப முடியவில்லை. சிறுவயதில் நான் தேடித் தேடி அலைந்த யானை, என் நினைவில், இரு கைகளாலும் ஏந்தவேண்டிய அளவு பெரியது, வெள்ளியாக மின்னுவது.

அப்போது எனக்கு ஒன்பது வயது, டேவிட்டுக்கு மூன்று. கோயில் உற்சவத்தில் அப்பாவின் தோளில் உட்கார்ந்து யானையைப் பார்த்தவன், அதை வீட்டுக்குக் கூட்டிவரச் சொல்லி இரண்டு நாள் அழுதான். அப்பாவுக்கு டெலிபோன் கேபிள் புதைக்கும் வேலை. அந்தக் காலத்துக் கேபிளுக்கு மேலே ஈயத்தில் உறை இருக்கும்; வெட்டிப்போட்ட துண்டுகள் பள்ளத்தோரம் கிடக்கும். அப்படி ஒரு துண்டைக் கொண்டுவந்து, களிமண்ணில் இரண்டு பாதியாக "அச்சு" செய்து காயவைத்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை ஆராதனை முடிந்து வந்ததும் கொல்லையில் கரியடுப்பை மூட்டினார். எங்களைத் துவைக்கிற கல்லுக்கு அப்பால் நிறுத்திவிட்டு, இரும்புக் கரண்டியில் உருகிய ஈயத்தை அச்சுக்குள் ஊற்றினார். "கடையில வாங்கனது ஒடையும், கையால செஞ்சது ஒடையாது" என்பது அவர் அடிக்கடி சொல்வது. அடுத்தது எனக்கு என்று சொல்லியிருந்தார், ஏனோ செய்யவில்லை.

டேவிட் அதோடுதான் சாப்பிட்டான், அதோடுதான் தூங்கினான். எந்நேரமும் அது அவன் வாயில் இருக்கும். சில மாதங்களில் அவனுக்கு ஓயாத வயிற்றுவலி வந்தது. முகம் வெளுத்து, சோறு வேண்டாமென்று சுருண்டு படுத்துக்கொண்டான். அம்மா அவனைத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு நடந்தாள். அந்த நாட்களில்தான் ஒரு காலையில் யானையைக் காணவில்லை.

பழி என்மேல் விழுந்தது. எனக்குச் செய்து தராத பொறாமையில் எங்கோ எறிந்துவிட்டேன் என்று அப்பா முடிவுகட்டிவிட்டார். "எடுத்தேன்னு ஒரு வார்த்த சொல்லிடுமா, அப்பா அடிக்க மாட்டேன்" என்றார். எடுக்காததை எடுத்தேன் என்று சொல்வதில்லை என்று அன்றைக்கு நான் பிடித்த பிடிவாதத்தை விடவில்லை. அடி விழுந்தது. அதன்பிறகு ஒரு மாதம் போல அவர் என்னோடு பேசவில்லை, அதுதான் வலித்தது. சாக்கடையைக் குச்சியால் கிளறினேன், சாம்பல் குழியைத் தோண்டினேன், பக்கத்து வீட்டுத் தறிக்குழிக்குள்ளும் இறங்கித் தேடினேன். அம்மா ராட்டினத்தில் பட்டு நூல் சுற்றிக்கொண்டே, நான் தேடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

டேவிட்டின் வயிற்றுவலி மெல்ல மெல்ல விட்டது. எனக்கு "யானத் திருடி" என்ற பெயர் நிலைத்தது. அப்பா கடைசியாகப் படுக்கையில் கிடந்தபோதுகூட, "இப்பவாவது சொல்லு, எங்க போட்ட?" என்று சிரித்துக்கொண்டே கேட்டார். எடுக்கவில்லை என்றேன். நம்பாமலே போனார்.

ஆகவே, கையிலிருந்தது எது என்று தெரியாமல் விடுவதில்லை என்று உட்கார்ந்தேன். வெள்ளைத்தாளில் தேய்த்தேன், கறுப்பாகக் கோடு விழுந்தது. காரீயம்தான். வயிற்றைச் சுற்றி மெல்லிய தழும்பு ஓடியது, இரண்டு பாதி அச்சு சேர்ந்த இடம். சோப்புப் போட்டுக் கழுவிக் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தபோது, விலாவிலும் முகத்திலும் சின்னச் சின்னக் குழிகள், வரிசையாக. பால்பற்களின் தடம். தும்பிக்கை உடைந்துபோகவில்லை, கடித்துக் கடித்தே தேய்ந்திருந்தது. முப்பது வருடம் நர்ஸாக இருந்தவள் நான். ஈயம் குழந்தையின் வயிற்றுக்குள் போனால் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லவேண்டியதில்லை.

மறுநாளே ஓரிக்கைக்குப் போனேன். அம்மாவின் தங்கை, என் சித்தி, அங்கே இருக்கிறாள். பொம்மையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இதேதான்மா. உங்கம்மாதான் எடுத்து ஒளிச்சா" என்றாள் பிறகு. "புள்ள எதயாவது வாயில வெச்சிக்கினே இருக்குதான்னு டாக்டரம்மா கேட்டாங்களாம். அப்பவே அவளுக்குப் புரிஞ்சிபோச்சி."

"அப்பாகிட்ட ஏன் சித்தி சொல்லல?"

"ஆசயா செஞ்சி குடுத்த மனுசன். எங்கையாலயே எம்புள்ளைக்கு வெஷத்த குடுத்தேன்னு தெரிஞ்சா தாங்குவாரா? நீ அடி வாங்கன அன்னிக்கி எங்கிட்ட வந்து அழுதா. பொண்ணு தாங்கிக்கும்னு சொன்னா."

பஸ்ஸில் திரும்பும்போது அம்மாமேல் எனக்கு வந்த கோபத்தை இங்கே மறைக்கப் போவதில்லை. மகனைக் காப்பாற்றினாள், கணவனைக் காப்பாற்றினாள். இருவருக்குமாகச் சேர்த்து என்னைக் கொடுத்துவிட்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை டேவிட் வீட்டில் எல்லாரும் இருக்கும்போது பொம்மையை மேசைமேல் வைத்தேன். அவன் பேத்தி கை நீட்டினாள், தடுத்தேன். நடந்ததை முதலிலிருந்து கடைசிவரை சொன்னேன். டேவிட் அந்தப் பல்தடங்களின்மேல் விரலை வைத்து வெகுநேரம் தடவிக்கொண்டிருந்தான்.

"நானும் இத்தன வருசமா உன்ன யானத் திருடின்னுதானே கூப்ட்டுக்கினு இருந்தேன்கா" என்றான். மருமகளைக் கூப்பிட்டு, பிள்ளைகளுக்குக் கைக்கெட்டாத இடத்தில் வைக்கச் சொன்னான்.

இப்போது அந்த வீடு இல்லை. கொல்லை இருந்த இடத்தில் கான்கிரீட் தூண்கள் நிற்கின்றன. தெருவில் அந்த நாளை அறிந்தவர் யாரும் இல்லை. அப்பாவிடம் மட்டும் சொல்லியாகவேண்டும் என்று போன வாரம் கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். அவரும் அம்மாவும் ஒரே குழியில்தான் இருக்கிறார்கள். ஒரே கல்லில் இருவர் பெயரும் இருக்கிறது.

"நான் எடுக்கலப்பா" என்றேன். யார் எடுத்தது என்று சொல்லவில்லை.