முகம் பார்த்து ருசி சொன்னவர்

என் மனைவியின் தம்பியைச் சுற்றுலாக் கம்பெனியில் எல்லோரும் ‘ருசிக்காரர்’ என்பார்கள். வெளிநாடுகளுக்கு ஆட்களைக் கூட்டமாக அழைத்துப் போகும் கம்பெனி அது. கூட்டம் கிளம்பும் முன் இவர் தனியாகப் போய், அந்தந்த ஊர்க் கடைகளில் சாப்பிட்டுக் குடித்துப் பார்த்து, எது தேறும் என்று எழுதி அனுப்ப வேண்டும். இருபத்திரண்டு ஆண்டுகள், முப்பத்தெட்டு நாடுகள், அறுநூற்றுப் பதினான்கு அறிக்கைகள். அத்தனையையும் கோப்பில் சேர்த்தவன் நான்.

அவற்றில் கடைசி இருநூற்று மூன்றை அவர் ருசியே தெரியாமல் எழுதினார். ஒரு காய்ச்சலோடு நாக்கும் மூக்கும் செத்துவிட்டன. வெளியே தெரிந்தால், மாடிப்படிக்கு அடியில் உட்கார்ந்து பயணச்சீட்டுக்கு முத்திரை குத்தும் வேலைதான் கதி. எனக்கு மட்டும் சொன்னார்.

“அத்தான், அக்காகிட்டகூட மூச்சு விடாதீங்க. அவ சமையலை நான் புகழ்றதுக்கு மதிப்பே இல்லாமப் போயிடும்.”

அதன்பின் அவர் பக்கத்து மேசைக்காரர்களின் முகத்தைப் பார்த்தே எழுதினார். முதல் வாய்க்கும் இரண்டாம் வாய்க்கும் நடுவே நான்கு நொடிக்கு மேல் போனால் கடை தேறாது. சாப்பிட்டுக்கொண்டே அரசியல் பேசினால் சுமார். பேச்சைப் பாதியில் விட்டுவிட்டுத் தட்டைப் பார்த்தால் முதல் தரம். வேடிக்கை என்னவென்றால், ஆண்டுக்குப் பதினேழு வந்துகொண்டிருந்த புகார்கள் இரண்டாகக் குறைந்தன.

முதலாளிக்குத்தான் உறுத்தியது.

“பக்கம் பக்கமா எழுதுறீங்க, உப்பு புளிப்புன்னு ஒரு வார்த்தையைக் காணோமே? அடுத்த தடவை நானும் வர்றேன். நீங்க ருசி பார்க்கிற லட்சணத்தை நேர்லயே பார்த்துடுறேன்.”

விமானம் தாமதம். அவர்கள் கடைக்குள் நுழைந்தபோது பிற்பகல் மூன்று பத்து. உள்ளே ஈ காக்கை இல்லை. பார்ப்பதற்கு முதலாளியின் முகத்தை விட்டால் வேறு முகம் இல்லை. ஊர் மொழியும் தெரியாது. மேசைமேல் ஒரு பெரிய கிண்ணத்தில் வெள்ளையாக, கெட்டியாக, வெதுவெதுப்பாக ஏதோ இருந்தது.

தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக்கொள்ளும் ஆள் அல்ல முதலாளி. “இங்கெல்லாம் இதைத்தான் முதல்ல வைப்பாங்க. குடிங்க,” என்று இரண்டு கோப்பைகளில் ஊற்றினார்.

இவர் ஒரு வாய் குடித்துவிட்டு முதலாளியின் முகத்தைப் பார்த்தார். முதலாளி ஒரு வாய் குடித்துவிட்டு இவர் முகத்தைப் பார்த்தார். இவர் சுளிக்கவில்லை, சுளிக்கக் காரணம் தெரிந்தால்தானே? அதைக் கண்ட முதலாளி இரண்டாம் வாயை மூன்றே நொடியில் எடுத்தார். சரி, முதல் தரம் என்று இவர் தலையாட்டினார். முதலாளியும் ஆட்டினார். கோப்பைகள் மறுபடியும் நிரம்பின.

அப்போது கடைக்கார அம்மாள் ஒரு பெரிய தாளும் தூரிகையுமாக வந்தார். கிண்ணத்துக்குள் எட்டிப் பார்த்தார். இருவர் உதடுகளையும் பார்த்தார். பிறகு, அடியில் மிஞ்சியிருந்ததைத் தூரிகையால் வழித்து, தாளின் முதுகில் பூசி, உணவுப் பட்டியலைச் சுவரில் ஒட்டினார்.

“யோவ், ரெண்டாந்தடவையும் வாங்கிக் குடிச்சியேய்யா!” என்று முதலாளி பல்லைக் கடித்தார். பல் ஒட்டியது.

“நீங்க அவ்வளவு ஆசையாக் குடிச்சீங்களே சார்...”

“உனக்கு நாக்கு இருக்கா இல்லையா?”

“நாலு வருஷமா இல்ல சார்.” உண்மை தானாக வந்துவிட்டது.

முதலாளி வாயைத் துடைத்துக்கொண்டார். “எனக்கு இருக்குய்யா. அதான் கேவலம்.”

சற்று யோசித்தார். “உன்னைத் தூக்கினா காரணம் எழுதணும். எழுதினா நான் எதைக் குடிச்சேன்னும் எழுதணும். பிழைச்சுப் போ. இனிமே ஆளில்லாத கடைக்குள்ள மட்டும் காலை வைக்காதே.”

அப்புறமும் மூன்று ஆண்டுகள் ருசிக்காரர் ஊர் ஊராகப் போய் முகங்களைப் பார்த்தார். அந்தக் கடையின் அறிக்கை மட்டும் இரண்டு கையெழுத்தோடு வந்தது. சுவை என்ற கட்டத்தில், “நன்றாக ஒட்டுகிறது” என்று எழுதியிருந்தது.