எந்தக் குவாரியின் சத்தம்

ரப்பர் பாலை உறைய ஊற்றும் அலுமினிய டிஷ் ஒன்று, ஒலி அளக்கும் கருவியின் மேல் கவிழ்ந்து கிடந்தது. முற்றத்தில் அதைப் பார்த்ததும் ஓடிப்போய் டிஷ்ஷைத் தூக்கினேன். அக்காவின் கணவர், என் அத்தான், பெருமையோடு சொன்னார்: “மழை பெய்துது மக்கா. ஒரு சொட்டு உள்ள போகல்ல.”

நெய்யாற்றின்கரைக்குக் கிழக்கே, அம்பூரிக்குப் போகும் வழியில் அவர்கள் வீடு. அத்தானின் அப்பா வேறொருவர் மண்ணில் குடிசை போட்டுக் குடிகிடந்தவர். நிலச் சீர்திருத்தச் சட்டம் வந்த பிறகு அந்தப் பத்து சென்ட் அவருக்கே சொந்தமானது. அதில் அத்தான் கல்ஃபில் உழைத்துக் கான்கிரீட் வீடு போட்டார். இனி எங்கும் போவதில்லை என்று வந்து உட்கார்ந்தபோது சுவர்கள் வெடிக்கத் தொடங்கின. கிழக்கே ஒரு குவாரி, மேற்கே ஒரு குவாரி. உச்சிவேளையில் வெடிச் சத்தம் கேட்கும். போய்க் கேட்டால் ஒருவர் மற்றவரைக் கைகாட்டுவார்.

நான் அப்போது திருவனந்தபுரத்தில் ஒலி அளக்கும் வேலையில் இருந்தேன். மூன்று வீடுகளில் மூன்று கருவிகளை வைத்தேன். சத்தம் எந்த வீட்டுக்கு முதலில் வந்தது, மற்றவற்றுக்கு எவ்வளவு பிந்தி வந்தது என்று தெரிந்தால் திசை கிடைத்துவிடும். அதற்கு மூன்றின் கடிகாரங்களும் நொடியில் ஆயிரத்தில் ஒரு பங்குகூடப் பிசகாமல் ஓட வேண்டும். செயற்கைக்கோள் அனுப்பும் நேரத்தைப் பிடித்துத்தான் அவை ஒன்றுக்கொன்று ஒத்துப்போகும். வானம் மறையக்கூடாது என்று படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன். மற்ற இரண்டு வீட்டாரும் கருவியைத் தொடவில்லை. அத்தானால் சும்மா இருக்க முடியுமா? கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தாலும் செருப்பு கிடக்கிறதா என்று இரண்டு முறை எழுந்து பார்க்கிற மனிதர். டிஷ்ஷுக்கு அடியில் செயற்கைக்கோள் கிடைக்காமல், அவர் வீட்டுக் கடிகாரம் தன் போக்கில் ஓடியிருந்தது.

அப்போது பதிவான வெடியைக் கணக்கிட்டால் கிழக்கு என்று வந்தது. அத்தான் முகம் மலர்ந்துவிட்டது.

“நான் அப்பவே சொன்னேன்லா, கிழக்கேயாக்கும். எழுதித் தா.”

“இது செல்லாது அத்தான். நேரம் தப்பிப் போச்சு.”

“எனக்கு இது போதும் மக்கா.”

நான் அசையவில்லை. இன்னொரு வெடிக்குக் காத்திருந்தோம். அவர் இருப்புக்கொள்ளாமல் கருவியைச் சுற்றிச் சுற்றி வந்தார். வெடித்தது. மூன்று கடிகாரங்களும் ஒத்துப்போன அந்தப் பதிவு மேற்கைக் காட்டியது.

அத்தான் மறுக்கவில்லை. படியில் உட்கார்ந்துவிட்டார்.

“இந்த வீட்டுக்குக் கல்லும் ஜல்லி மெட்டலும் அந்த மேற்குக் குவாரியிலேருந்தாக்கும் வந்தது. நான்தான் கல்ஃபிலேருந்து போன் பண்ணி எறக்கச் சொன்னேன்.”

அதனால்தான் கிழக்காக இருக்க வேண்டும் என்று தவித்திருக்கிறார். எனக்குக் கோபமும் இரக்கமும் சேர்ந்து வந்தன. அந்தப் பக்கத்துக் கல்ஃப் வீடுகள் எல்லாமே அந்தப் பாறையில்தான் எழும்பியவை.

ஆனாலும் என் அறிக்கையோடு அவரே பஞ்சாயத்துக்குப் போனார். எங்கள் கல்லில் வீடு கட்டிவிட்டு எங்கள்மேலேயே புகாரா என்று குவாரிக்காரர் எல்லோர் முன்னும் கேட்டாராம்.

“உள்ளதுதான். வீடு கட்டத்தான் கல்லு வாங்கினேன், சுவரைப் பொட்டிச்சு ஒடைச்சுப் போட இல்ல” என்றாராம் அத்தான். அக்காதான் இதை என்னிடம் சொன்னாள்.

பல இழுபறிக்குப் பிறகு அந்தக் குவாரியை மூடினார்கள். இப்போது அங்கே தண்ணீர் கிடக்கிறது. அக்கா சுவர்களைப் பூசி வெள்ளையடித்துவிட்டாள். உச்சிக்குச் சோறு போட்டால் அத்தான் இன்றும் உடனே கை வைப்பதில்லை. சுவரைப் பார்த்துக்கொண்டு இருப்பார்.

“இனி வெடிக்காது, தின்னுங்க” என்று அக்கா தினமும் சொல்ல வேண்டியிருக்கிறது.