நுளம்பு வலைக்குள் ஒரு கியர்பெட்டி

இந்த நோர்வே ஊரில் காரை நிறுத்துகிற எவரும் முன்சில்லைத் தெருவோரக் கல்லுப் பக்கம் திருப்பிவிட்டுத்தான் இறங்குவார்கள். வந்த புதிதில் பக்கத்து வீட்டுக் கிழவர் கதவைத் தட்டி, என் காரைக் காட்டி, கையை வளைத்து வளைத்து ஏதோ சொன்னார். அவருடைய இடத்தைப் பிடித்துவிட்டேனாக்கும் என்று காரைக் கொண்டுபோய் அடுத்த தெருவில் விட்டேன். மறுநாள் அங்கேயும் வந்து நின்றார் மனுசன், சில்லைத் திருப்பிவிடச் சொல்லி. மலைச்சரிவில் வீடு கட்டிய சனத்துக்கு வாகனம் உருண்டுவிடும் என்ற பயம் பிறவியிலேயே உண்டு. மன்னார்த்தீவில் பிறந்த எனக்கு அது எங்கேயிருந்து வரும்? எங்கள் ஊர் பேசாலையில், வீட்டு முற்றத்தில் ஒரு தேசிக்காயை வைத்தால் பின்னேரமும் அது அங்கேயேதான் கிடக்கும்.

எங்கள் பக்கத்து வாகனங்களில் ஹான்ட் பிரேக் பேருக்குத்தான். உப்புக்காற்றில் கேபிள் இறுகிச் சில்லைப் பிடித்துக்கொள்ளும். இரண்டு தரம் திருத்திப் பார்ப்பார்கள், மூன்றாம் தரம் கழற்றி எறிந்துவிட்டு நிம்மதியாக ஓடுவார்கள். என் தம்பி ஜூட்டின் வானும் அப்படித்தான். ஆட்டோ கியர் வான், அவன் வீட்டுச் சோறே அதை ஓட்டித்தான் வருகிறது. ‘பார்க்’கில் போட்டால் நிற்கும், அதற்குமேல் அவன் யோசித்ததில்லை.

இந்த வருசம் அந்தக் கியர்பெட்டி வழுக்கத் தொடங்கியது. வான் உறுமும், நகராது. இங்கே நான் வேலை செய்வதே கியர்பெட்டி திருத்தும் கராஜில் என்பதால் எனக்கொரு திமிர். “கழட்டு, நான் சொல்லித் தாறன்” என்றேன். கிளச் தட்டுகளும் சீல்களும் பார்சலில் அனுப்பினேன். அங்கே சோளகக் காற்று மணலை வாரி வீசிக்கொண்டிருந்தது. கியர்பெட்டிக்குள் ஒரு மணல் போனாலும் பாடு முடிந்தது. ஜூட்டின் மனைவி மெற்றில்டா விறாந்தை மேசையைச் சுற்றி நுளம்பு வலையைக் கட்டிவிட, அதற்குள் இருந்து அவன் வேலை செய்தான். புதுத் தட்டுகளை எண்ணெயில் ஊறப்போட இடியப்ப மாக் குழைக்கும் பேசினையும் கொடுத்தாள். “இனி இந்தப் பேசின் எனக்கில்லை எண்டு நினைச்சுக்கொள்ளுறன் அண்ணை” என்று போனில் முறைப்பாடும் வைத்தாள்.

என் மத்தியானச் சாப்பாட்டு அரைமணிதான் எங்கள் வேலைநேரம். நாலாம் நாள் வீடியோ அழைப்பில் ஜூட் ஒரு சிறு தகட்டையும் இரண்டு போல்டையும் கமராவுக்கு முன்னால் பிடித்தான். ‘பார்க்’கில் போடும்போது ஓர் இரும்பு நாக்கு பல்லுச்சக்கரத்துக்குள் விழுந்து வாகனத்தை நிறுத்தும். அந்த நாக்கை விழவைப்பது அந்தத் தகடு.

“இதை இப்ப பூட்டவோ அண்ணை?”

“அது பிறகு. முதல் வால்வ் பெட்டியைப் பூட்டு.”

அதற்குள் கராஜ் மேலாளர் என்னைக் கூப்பிட்டுவிட்டார். மறுநாள், “எல்லாம் பூட்டியாச்சோ?” என்று கேட்டேன். “ஓம் அண்ணை, நீங்கள் சொன்னதெல்லாம் பூட்டீட்டன்” என்றான். ‘ஓம்’ மட்டும்தான் என் காதில் ஏறியது. கியர்பெட்டியின் அடித்தட்டை மூடச் சொன்னேன். வான் பட்டுப்போல ஓடியது. நான் கராஜ் முழுக்கப் பீற்றித் திரிந்தேன்.

இரண்டு கிழமை கழித்து ஒரு சனிக்கிழமை காலை. குசினியில் கோப்பி குடித்தபடி ஜூட் அனுப்பிய படங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசிப் படத்தில் வேலை முடிந்த வெறும் மேசை. நுளம்பு வலை. பேப்பரின் மேல் அந்தத் தகடும் இரண்டு போல்டும். வாயால் கேட்கத் துணியாததைப் படமாக அனுப்பியிருக்கிறான் என்று இப்போது நினைக்கிறேன். நாலு தரம் போன் அடித்தேன், எடுக்கவில்லை. ஐந்தாம் தரம் எடுத்தான்.

“முருங்கன் பக்கம், குளக்கட்டில நிக்கிறம் அண்ணை. ஆடித் திருவிழாவுக்கு மடு மாதா கோயிலுக்குப் போறம். பிள்ளையள் குளிக்கினம், பாருங்கோ.”

ஜன்னலுக்கு வெளியே நின்றபடி போனை டாஷ்போர்டில் செருகி, கமராவை முன்கண்ணாடிப் பக்கம் திருப்பிவிட்டான். சரிவு. கீழே தண்ணீர், அதில் மூன்று சின்னத் தலைகள். வானுக்கு முதுகு காட்டி மெற்றில்டா சோற்றுப் பார்சல் பிரித்துக்கொண்டிருந்தாள்.

“அந்தத் தகடு பூட்டேல்லையோ?”

“நீங்கள் சொல்லேல்லை அண்ணை. உங்களுக்குத் தெரியாததோ எண்டு நானும் கேக்கேல்லை.”

“சில்லுக்கு முன்னால கல்லு வை. இப்பவே வை.”

அவன் கல்லுத் தேடிப் போகும் செருப்புச் சத்தம் கேட்டது. மணலில் புதைந்திருந்த சில்லு எப்போது கிளம்பியதோ தெரியாது. படத்தின் ஓரத்தில் நின்ற மருதமரம் மெல்ல வெளியே போனது. மெற்றில்டாவின் முதுகு பெரிதாகிக்கொண்டு வந்தது. கத்தினேன். என் குரல் ஆளில்லாத வானுக்குள்தான் கேட்டிருக்கும். குசினித் தரையில் என் வலது காலை ஊன்றி, உயிர் போகிற மாதிரி அழுத்தினேன்.

கதவு திறந்தது, ஜூட்டின் மூச்சு கேட்டது, அவன் கால் பிரேக்கில் விழ வானும் படமும் நின்றன. மெற்றில்டாவுக்கும் வானுக்கும் இடையில் ஒரு முழம் இருந்திருக்கும். அவள் திரும்பிப் பார்த்த முகத்தை நான் யாருக்கும் சொன்னதில்லை.

அடுத்த கிழமை ஜூட் தானே அடித்தட்டைக் கழற்றித் தகட்டைப் பூட்டினான். எனக்கு ஒரு சொல் ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் கொஞ்சம் நித்திரை கொண்டிருப்பேன். இன்றைக்கும் எதற்கும் “நீங்கள் சொன்னாச் சரி அண்ணை” என்றுதான் சொல்கிறான்.

மன்னாரிலிருந்து அழைப்பு வந்து பேசிக்கொண்டிருக்கையில் சில நாட்களில் என் மனைவி மேசைக்கடியில் குனிந்து பார்ப்பாள். “ஆரை நிப்பாட்டுறியள்?” என்று கேட்பாள். அப்போதுதான் எனக்கே தெரியும், கால் தரையை அழுத்திக்கொண்டிருக்கிறது என்று.