லேட்டாக வரும் டிரம்மர்

பெண் பார்க்க வருகிறவர்கள் முதலில் கோலத்தைப் பார்ப்பார்கள் என்று சொல்வார்கள். எங்கள் வீட்டுக்கு வந்தவர்கள் பக்கத்து வீட்டு காலிங் பெல்லைப் பார்த்தார்கள். அந்த சுவிட்சின் மேல் குறுக்காக ஒரு பிளாஸ்திரி ஒட்டியிருந்தது. பையனின் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டே தலையை அந்தப் பக்கம் சாய்த்து, "நைட்டுங்களா?" என்றார். என் கணவர் ஆமாம் என்று தலையாட்டினார். அதற்குப் பிறகு அந்தக் கூடத்தில் இருந்த ஆறு பேரும் ரகசியக் குரலுக்கு இறங்கிவிட்டோம்.

வெளியூர்க்காரர்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். எங்கள் டவுன்ஷிப் பிளாக்கில் வீடுகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கத்து வீட்டுக்காரர் சுரங்கத்தில் மண் வெட்டும் பெரிய மெஷினை ஓட்டுகிறவர். நைட் ஷிஃப்ட் வாரத்தில் பகல்தான் அவருக்கு இரவு. தூக்கம் கெட்டுப்போய் ஒரு மனிதர் அவ்வளவு உயரத்தில் ஏறி உட்காருவதை யாரும் விரும்ப மாட்டோம். அதனால் பெல்லில் பிளாஸ்திரி தெரிந்தால் பால்காரர் மணியடிக்க மாட்டார், பிள்ளைகள் பந்தை எடுத்துக்கொண்டு அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள், நான் குக்கரைத் தொட மாட்டேன். என் கணவர் மெஷின் ரிப்பேர் பிரிவில் ஷிஃப்ட் பார்த்த காலத்தில் அவர்கள் எங்களுக்கு இதைச் செய்தார்கள். பையனின் அப்பாவும் சுரங்கத்தில் இருந்து ரிடையர் ஆனவர்தான். கம்பெனி குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்தில் வாடகைக்கு இருந்தார்கள். அவர்களுக்கு யாரும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

உண்மையைச் சொன்னால் அன்று அந்த நிசப்தம் எனக்கு சௌகரியமாக இருந்தது. என் பெண் பேசாமல் இருக்க அதைவிட நல்ல காரணம் கிடைக்காது.

என் பெண் பேசுவாள். சின்ன வயதில் இருந்தே ஒரு விஷயத்தை அப்படியே விட்டுவிடும் பழக்கம் அவளுக்குக் கிடையாது. ஆறு மாதம் முன்பு மெட்ராஸில் ஒரு இடம் முடிவாகி, வெற்றிலைபாக்கு மாற்றி, பத்திரிகை அச்சுக்குப் போயிருந்தது. நிச்சயதார்த்தத்தன்று அந்தப் பையனின் மாமா ஏதோ சொன்னதற்கு இவள், "அது அப்படி இல்லைங்க" என்று ஆரம்பித்து, எப்படி என்று முழுக்கச் சொல்லி முடித்தாள். மாமா சிரித்தார். நாங்களும் சிரித்தோம். இரண்டு வாரம் கழித்துத் தரகர் சைக்கிளை கேட்டில் சாய்த்துவிட்டு வந்து, பொண்ணு நிறையப் பேசுதாம் என்று மட்டும் சொன்னார். வேறு காரணம் சொல்லவில்லை. இன்றைக்கும் கேட்டில் ஒரு சைக்கிள் சாய்கிற சத்தம் கேட்டால் கையில் இருப்பதைப் போட்டுவிட்டு ஜன்னலுக்கு ஓடுகிறேன்.

பள்ளிக்கூடத்தில் நாற்பது பிள்ளைகளைப் பேசாதே என்று சொல்லி அடக்கத் தெரிந்தவள் நான். வீட்டிலும் அதையே செய்தேன். கேட்டதற்கு மட்டும் பதில், ஒரு பதிலுக்கு ஒரு வரி என்று முதல் நாளே சொல்லிவைத்தேன். அவள் உடனே சரி என்றாள். அந்த மெட்ராஸ் விஷயத்துக்குப் பிறகு அவள் எல்லாவற்றுக்கும் சரி என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த இடமும் தட்டிப்போனால் அவள் என்ன ஆவாள் என்பது எனக்குத் தெரியவில்லை. நான் என்ன ஆவேன் என்பது தெரிந்திருந்தது.

முதல் கால்மணி நேரம் எல்லாம் ஒழுங்காகப் போனது. கேசரி, பஜ்ஜி, காபி. பையன் தெர்மல் மின் நிலையத்தில் ஜூனியர் இன்ஜினியர், ஒல்லியாக, கண்ணாடி போட்டுக்கொண்டு இருந்தார். பாடச் சொல்லலாமா என்று அவருடைய அம்மா ஜாடையாகக் கேட்டார். நான் சுவரைக் காட்டினேன். அவரும் புரிந்துகொண்டு பாட்டை விட்டுவிட்டு, பொழுது போகாதபோது பெண் என்ன செய்யும் என்று கேட்டார். தையல் என்று சொல்ல நான் வாயைத் திறப்பதற்குள் இவள், "டேப் கேப்பேங்க" என்றாள்.

ஒரு வரி. நான் சொல்லிக்கொடுத்தபடியே ஒரே வரி. குறை சொல்ல வழியில்லை.

அந்த டேப் ரெக்கார்டர் கூடத்து மூலையில்தான் இருந்தது. திருச்சியில் படிக்கும் என் மகன் லீவுக்கு வந்தபோது விட்டுப்போனது. மேலே ஒரு லேஸ் துணியைப் போட்டு, அதன் மேல் ஒரு பொம்மையை வைத்து மறைத்திருந்தேன். என்ன டேப் என்று பையன் கேட்டார். அவள் ஒரு இங்கிலீஷ் பேண்டின் பெயரைச் சொன்னாள். உலகத்தில் எல்லா பேண்டுகளையும்விடச் சத்தமானது அதுதான் என்று என் மகன் பெருமையாகச் சொன்னதுண்டு. பையனின் முகம் சட்டென்று பிரகாசமாகிவிட்டது. எனக்கும் கொஞ்சம் உயிர் வந்தது. ஆனால் அவர் அடுத்து சொன்னது இதுதான்: "பாட்டெல்லாம் ஓகேங்க. அந்த டிரம்மரைத்தான் தாங்க முடியாது. கொல்லன் பட்டறை மாதிரி."

என் பெண் காபி டம்ளரைத் தரையில் வைத்தாள். அவள் டம்ளரை வைத்துவிட்டால் என்ன அர்த்தம் என்று எனக்கும் என் கணவருக்கும் தெரியும்.

"ஏங்க அப்படிச் சொல்றீங்க?" என்றாள். கிசுகிசுப்பாகத்தான்.

அவர் காரணம் சொன்னார். பலத்தால் அடிப்பது வித்தை இல்லை, ஹாஸ்டலில் நாங்கள் வேறொரு பேண்டின் டிரம்மரைக் கேட்போம், அவர் கை தண்ணீர் மாதிரி ஓடும், எங்கே குச்சி விழுந்தது என்றே தெரியாது என்றார். இவள், எங்கே விழுந்தது என்றே தெரியாவிட்டால் எதற்காக அடிக்க வேண்டும் என்று கேட்டாள். அவர் வேகம் என்றார். இவள் இடைவெளி என்றாள். அந்தக் கொல்லன் இரண்டாவது அடிக்கு முன்னால் ஒரு நூலளவு நிற்பான், வரமாட்டானோ என்று நினைக்கும்போது வருவான், அந்த நிற்கிற இடத்தில்தான் பாட்டே இருக்கிறது என்றாள். ஒரு பதிலுக்கு ஒரு வரி என்பது எப்போதோ போய்விட்டது.

"லேட்டா வந்தா லேட்டுதாங்க. எங்க பிளான்ட்ல ஒரு வால்வு லேட்டா மூடட்டும், பாத்துக்கங்க."

"ஒவ்வொரு தடவையும் அதே அளவு லேட்டா வந்தா அது தப்பாங்க?"

பையன் யோசித்தார். பஜ்ஜிக்குப் போன கை பாதியில் நின்றது. அந்த நேரம் பார்த்து என் கணவர், "ஒரே அளவுன்னா அது அப்படியே செட் பண்ணினதுதான், ரிப்பேர் இல்ல" என்று தன் தொழில் அபிப்பிராயத்தைச் சொன்னார். இரண்டு வருஷமாக அந்த டேப்பை நிறுத்தச் சொல்லிக்கொண்டிருந்த மனிதர். நான் அவரைப் பார்த்த பார்வையில் அவர் மீதியைக் கேசரியோடு விழுங்கினார்.

இந்த விவாதம் முழுவதும் ஆஸ்பத்திரி வார்டில் பேசுகிற குரலில் நடந்தது என்பதை மறந்துவிடக் கூடாது. இரண்டு பேரும் கழுத்தை முன்னால் நீட்டி, கோபத்தைக் கண்ணிலும் விரலிலும் வைத்துக்கொண்டு, காற்றாகப் பேசினார்கள். பையனின் அம்மாவுக்கு அரைகுறையாகத்தான் கேட்டிருக்க வேண்டும். யாரோ சொந்தக்காரரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு என் பக்கம் சாய்ந்து கேட்டார்:

"யாருங்க அவரு, டெய்லி லேட்டா வர்றவரு? பர்மனென்ட்டா, கான்ட்ராக்டா?"

நான் என்ன சொல்வது? நமக்கு வேண்டியவர் இல்லை என்றேன். அப்புறம் ஏன் இந்தப் பேச்சு பேசிக்கினு இருக்குதுங்க என்றார். அதுதான் எனக்கும் தெரியவில்லை.

இதற்கு மேல் விட்டால் மெட்ராஸ் கதைதான் என்று நான் உள்ளே புகுந்தேன். "அவளுக்கு ஒண்ணும் தெரியாதுங்க, சும்மா ஏதோ சொல்றா" என்றேன்.

பையன் என் பக்கம் திரும்பி மிகவும் மரியாதையாகச் சொன்னார்: "இல்லைங்க அத்தை, தெரிஞ்சுதான் சொல்றாங்க. ஆனா தப்பா சொல்றாங்க."

அத்தை என்றதைக் கேட்டுச் சந்தோஷப்படுவதா, தப்பு என்றதைக் கேட்டு நடுங்குவதா என்று நான் முடிவு செய்வதற்குள் இவள் சோபாவில் இருந்த குஷனை இழுத்து மடியில் போட்டுக்கொண்டாள். வாயால் சொன்னால் புரியாது என்றாள். வலது கை குஷனின் ஓரத்தில், இடது கை நடுவில், வலது கால் கட்டைவிரல் பாயில். மயில்கழுத்துக் கலர் பட்டுப்புடவை, தலை நிறைய மல்லிகை. அந்தக் கோலத்தில் என் பெண், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் ஒரு வெள்ளைக்காரனின் டிரம்ஸை ஓசை இல்லாமல் அடித்துக் காட்டினாள். அந்த நிறுத்தம் வரும்போது புருவத்தைத் தூக்கினாள். குஷன் பூப்போல் அமுங்கியது.

பையன் அதைத் தொடையில் அடித்துப் பார்த்தார். கை வந்தது, கால் வரவில்லை. கால் வந்தபோது கை அவசரப்பட்டு முன்னால் போய்விட்டது. மறுபடி ஆரம்பித்தார். அவருடைய அப்பா மகனின் காலையே பார்த்துக்கொண்டிருந்தார். அம்மாவும் பார்த்தார், பிறகு தன்னை அறியாமல் முழங்காலில் ஒரு விரலால் தட்ட ஆரம்பித்தார். அவருக்கு அந்த நிறுத்தம் சரியாக வந்தது என்று என் பெண் இன்றுவரை சொல்கிறாள். நான் கவனிக்கும் நிலையில் இல்லை.

தோற்றுப்போகிற ஆள் பிடித்துக்கொள்ளக் கிடைத்ததைப் பிடிப்பது போல, பையன் அந்த டிரம்மர் நடுவில் தனியாக அடிக்கிற கட்டத்துக்குத் தாவினார். மற்றவர்கள் எல்லாம் டீ சாப்பிடப் போய்விட, இவன் மட்டும் பத்து நிமிஷம் மேடையில் நின்று தண்டால் எடுக்கிறானே, அதற்கு என்ன சொல்கிறீர்கள் என்றார்.

"அது எனக்கும் பிடிக்காதுங்க. டேப்ல அந்த இடத்தை மட்டும் ஓட்டி விட்டுடுவேன்."

அவர் அதை எதிர்பார்க்கவில்லை. சண்டைக்கு ஓங்கிய கையை எங்கே வைப்பது என்று தெரியாத மாதிரி உட்கார்ந்திருந்தார். பிறகு சிரித்தார். வாய்விட்டுச் சிரிக்கப் பார்த்து, சுவர் ஞாபகம் வந்து, கைக்குட்டையால் வாயைப் பொத்திக்கொண்டார். ஆனாலும் வேகத்தைப் பற்றித் தான் சொன்னதை வாபஸ் வாங்க முடியாது என்றார். வாங்க வேண்டாம் என்றாள் இவள்.

சமாதானம் செய்து வைக்கிற எண்ணத்தில் என் கணவர், டேப்பை மெதுவாக வைத்து எல்லாரும் ஒரு தடவை கேட்டுவிடலாமே என்றார். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் அவர் பக்கம் திரும்பினார்கள். அதை மெதுவாக வைத்துக் கேட்கக் கூடாது என்றார்கள், இவள் பாதி வாக்கியமும் அவர் மீதி வாக்கியமுமாக. அன்று அவர்கள் முழு மனதோடு ஒத்துக்கொண்டது அது ஒன்றைத்தான்.

நான் காலித் தட்டுகளை எடுத்துக்கொண்டு சமையலறைக்கு வந்துவிட்டேன். நடந்த வேகத்தில் டம்ளர்கள் ஒன்றோடொன்று மோதிக் கிணுகிணுத்தன. அவற்றைத் துண்டின் மேல் வைத்தேன். நிறையப் பேசுகிற பெண் என்று இந்தத் தடவை யாரும் கண்டுபிடித்துச் சொல்ல வேண்டியதில்லை, நேரிலேயே பார்த்துவிட்டார்கள். ஆனால் வேறொன்றும் மனதுக்குள் ஓடியது. ஆறு மாதமாக நான் கேட்காத குரல் அது. காற்றாக வந்தாலும் அவளுடைய பழைய குரல். அது போகக் கூடாது, இடமும் போகக் கூடாது என்று இரண்டையும் ஒரே நேரத்தில் வேண்டிக்கொண்டேன். இரண்டு வேண்டுதலும் ஒன்றோடொன்று ஒத்துப்போகுமா என்று சாமிக்கே சந்தேகம் வந்திருக்கும்.

பையனின் அம்மா பின்னாலேயே வந்து நிலைப்படியில் நின்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. போய்ச் சொல்லி அனுப்புகிறோம் என்ற வார்த்தைக்கு நான் தயாரானேன். மெட்ராஸ் இடத்துக்கு முன் வந்தவர்கள் எல்லாரும் சொன்னது அதுதான்.

அவர் கூடத்தை ஒரு தடவை திரும்பிப் பார்த்தார். அங்கே குஷன் இப்போது பையனின் மடியில் இருந்தது. கால் எங்கே வர வேண்டும் என்று இவள் விரலால் காட்டிக்கொண்டிருந்தாள்.

"எங்க வூட்ல ரெண்டே ரூமுங்க" என்றார் அந்த அம்மா. "இதுங்க ரெண்டும் இப்படியே பேசிக்கினு இருந்தா நானும் அவரும் எப்பங்க தூங்கறது?"

முடிந்தது என்று நினைத்தேன். கண்ணில் நீர் முட்டிவிட்டது. மன்னிப்பு மாதிரி ஏதோ சொல்ல ஆரம்பித்தேன். அவர் அதைக் காதில் வாங்காமல் கூடத்துப் பக்கம் திரும்பி, மகனிடம், குரலைத் தாழ்த்தித்தான், ஆனால் கண்டிப்பாகச் சொன்னார்:

"டேய், திங்கக்கெழமை ஆபீஸ் போனதும் தனியா குவார்ட்டர்ஸுக்கு எழுதிப் போடு. இந்தக் கூத்தெல்லாம் அங்க வெச்சிக்கங்க."

கல்யாணம் ஆகாத பையன்களுக்கு யாரும் குவார்ட்டர்ஸ் கொடுப்பதில்லை. டவுன்ஷிப்பில் இருக்கிற ஒவ்வொருவருக்கும் தெரிந்த விதி அது. எனக்கும் தெரியும். ஆனாலும் அது என் மண்டையில் ஏறுவதற்கு முன்னால் என் கணவர் எழுந்து நின்றுவிட்டார், பையனின் அப்பா வெற்றிலைத் தட்டைத் தன் பக்கம் இழுத்துவிட்டார். நான் மட்டும் கையில் டம்ளர் துடைக்கிற துணியோடு நின்றுகொண்டிருந்தேன். உனக்கு இஷ்டந்தானே என்று அவளை முறைப்படி கேட்க வேண்டும் என்று யாரோ சொன்னார்கள். நான்தான் அவள் பக்கம் திரும்பினேன்.

அவள் என்னைப் பார்க்கவில்லை. பையனைப் பார்த்துச் சொன்னாள்.

"எழுதும்போது ரோ கடைசி வீடா கேளுங்க. ஒரு பக்கமாவது சுவர் ஒட்டாம இருக்கட்டும்."